அடியைக் காணோம்: மைக் செட்டும் பிரிஆம்பும், ஒரு சின்ன வரலாறு

போன சில வருசங்களில் நான் செய்த பெரிய வெட்டிச் செலவு எதுன்னு கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: ஆடியோ. அதிலும் ஒரு பழைய வால்வு பிரிஆம்ப், ஒரு புது டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப். இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல சாமான். இரண்டையும் ஒன்றாக மாட்டினால் சத்தம் வந்தது, பாட்டு வரவில்லை. ஸ்பீக்கர் பக்கம் காதை வைத்தால் மெல்லிசாக 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல். வால்யூம் குமிழை எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்குத் திருப்புவதற்குள் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

ஒரு தீபாவளிக்கு இதையெல்லாம் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஊர் என்றால் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில். அங்கே என் பெரியப்பா இருக்கிறார். முப்பது வருசத்துக்கு மேல் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம், பங்குனிப் பொங்கல், எல்லாவற்றுக்கும் குழாய் கட்டியவர். இப்போது காது மந்தம். செட்டை மாட்டி, இளையராஜா பாட்டு ஒன்று போட்டேன். எனக்கு எரிச்சலூட்டிய அந்த 'ஸ்ஸ்ஸ்' அவருக்குக் கேட்கவே இல்லை. எழுந்து வந்து ஸ்பீக்கர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னடா, அடியைக் காணோம்?" என்றார். பிறகு, "இது எத்தனை ஓம், அது எத்தனை ஓம்?" என்று கேட்டார்.

ஸ்பீக்கர் எட்டு ஓம் என்று சொன்னேன். "அது இல்லப்பா. இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவுல." எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருசம் மென்பொருள் எழுதியவன், காலேஜில் நெட்வொர்க் தியரி பாஸ் செய்தவன். அந்தக் கேள்வியைத் துரத்திப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

'மேட்சிங்' என்ற சொல் டெலிபோனிலிருந்து வந்தது

ஆடியோ கடையில் 'மேட்சிங்' என்று சொல்லும்போது, இரண்டு வேறு வேறு விஷயங்களை ஒரே பெயரில் சொல்கிறார்கள். குழப்பத்தின் வேர் அங்கேதான்.

முதல் அர்த்தம் பழையது. ஒரு மின்மூலத்திலிருந்து அதிகபட்ச சக்தியை எடுக்க வேண்டுமானால், மூலத்தின் தடையும் சுமையின் தடையும் சமமாக இருக்க வேண்டும். இது 1840-ஐ ஒட்டி யாக்கோபி சொன்ன விதி. அப்போது பாதிச் சக்தி மூலத்திலேயே சூடாகிப் போய்விடும். பரவாயில்லை, கிடைப்பதில் அதுதான் அதிகம்.

டெலிபோன்காரர்களுக்கு இந்த விதி உயிர். 1915-ல் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு முதல் நெடுந்தூர டெலிபோன் லைன் திறந்தபோது, வழியில் சத்தத்தைத் தூக்கிவிட வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் இருந்தன. லைனும் கருவியும் ஒத்துப்போகாவிட்டால் சக்தி வீணாவது மட்டுமல்ல, பேச்சு எதிரொலித்துத் திரும்பி வரும். கம்பங்களில் ஓடிய செப்புக் கம்பிகளின் இம்பீடன்ஸ் 600 ஓமை ஒட்டி இருந்ததால், 600 என்ற எண் நிலைத்துவிட்டது. பிறகு ரேடியோ நிலையங்களும் ஸ்டூடியோக்களும் அதையே எடுத்துக்கொண்டன. 'சமமாக இருந்தால்தான் பொருத்தம்' என்ற எண்ணம் இப்படித்தான் ஆடியோ உலகத்துக்குள் நுழைந்தது.

நம்ம ஊர்க் குழாய்

மேடைப் பேச்சைக் கூட்டத்துக்குக் கேட்க வைத்ததும் அதே வால்வுதான். 1919-ல் சான் டியேகோ மைதானத்தில் அமெரிக்க அதிபர் வில்சன் பேசியபோது ஒலிபெருக்கி வைத்தார்கள். அதே காலத்தில் விருதுநகரில் காமராஜர் பதின்வயதுப் பையன். அவர் காங்கிரஸ் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கிய நாட்களில் இங்கே மேடையில் மைக் கிடையாது. தொண்டை பலம்தான் தலைவருக்கு முதல் தகுதி.

அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் நானிக் மோத்வானி. 'சிகாகோ ரேடியோ' என்ற பெயரில் தொழில் செய்த குடும்பம். 1931 கராச்சி காங்கிரசுக்கு ஒலிபெருக்கி கொடுத்தவர் அவர். பழைய காந்தி, நேரு படங்களில் மைக் மேல் 'சிகாகோ ரேடியோ' என்ற பெயர்ப் பலகையைப் பார்த்து, அமெரிக்கக் கம்பெனி போல என்று நினைத்தவர்கள் உண்டு. நானும் நினைத்தேன். அதே 1931-ல்தான் தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது. மேடையிலும் கொட்டகையிலும் தமிழ், ஆம்ப்ளிஃபையர் வழியாக வரத் தொடங்கிய வருசம் என்று சொல்லலாம்.

பெரியப்பா காலத்தில் எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் டெல்லியிலிருந்து வந்த அகுஜா பெட்டிதான். அந்தப் பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு வரிசைத் திருகு இருக்கும்: 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட். மைக் செட் தொழிலின் பாதி ரகசியம் அந்த வரிசையில் இருக்கிறது.

கோயில் வாசலில் பெட்டி இருக்கும். குழாய் ஊர் எல்லையில் புளியமரத்தில் இருக்கும். நடுவில் அரை கிலோமீட்டர் மெல்லிய ஒயர். அந்த ஒயரின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 8 ஓம் குழாயை நேராக மாட்டினால், மொத்தம் 13 ஓமில் 5 ஓம் ஒயருடையது. அதாவது 38 சதவீதச் சக்தி ஒயரிலேயே போய்விடும். இதையே 100 வோல்ட் லைனில் கொடுத்தால் கணக்கு மாறுகிறது. 100 வாட் சுமை 100 வோல்ட் லைனில் 100 ஓம்தான். 105-ல் 5. இழப்பு 5 சதவீதத்துக்கும் கீழே. குழாய்ப் பக்கத்தில் ஒரு மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு மறுபடி 8 ஓமுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். மின்வாரியம் உயர் அழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்பி, ஊருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்குகிறதே, அதே தந்திரம்.

பத்து வாட் குழாய் பத்து கட்டினால் 100 வாட் பெட்டிக்குச் சரி. பதினொன்றாவது குழாயை யாராவது பெரிய மனிதர் தன் தெருவுக்குக் கேட்டால் அங்கேதான் சிக்கல். "ஆம்ப்ளிஃபையர் இழுக்கும், வால்வு செவக்கும்" என்பார் பெரியப்பா. எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அவர் வால்வின் நிறத்தைப் பார்த்தே சொல்வாராம். யாக்கோபி பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுக்குள் வந்த இன்னொரு பெட்டி

மைக் செட்டில் பிரிஆம்ப் தனிப்பெட்டி கிடையாது. மைக் உள்ளே, குழாய் வெளியே, எல்லாம் ஒரே இரும்புப் பெட்டி. அப்படியானால் வீட்டு ஆடியோவில் மட்டும் ஏன் இரண்டு பெட்டி?

காரணம் இசைத்தட்டு. தட்டில் பாட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் அடி ஒலியில் ஊசி பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவிவிடும், உயர் ஒலி தட்டின் இரைச்சலில் மூழ்கிவிடும். கேட்கும்போது அதைத் தலைகீழாகச் சரிசெய்ய வேண்டும். 1948-ல் எல்.பி. தட்டு வந்த சமயத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவில் வெட்டிக்கொண்டிருந்தது. 1954-ஐ ஒட்டித்தான் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவுக்கு வந்தார்கள். அதன்படி 20 ஹெர்ட்சுக்கும் 20,000 ஹெர்ட்சுக்கும் நடுவில் சரிசெய்ய வேண்டிய வித்தியாசம் கிட்டத்தட்ட 39 டெசிபல். வோல்ட்டில் சொன்னால் தொண்ணூறு மடங்குக்குப் பக்கம்.

இன்னொரு பிரச்சினை, காந்த ஊசி கொடுப்பது வெறும் 5 மில்லிவோல்ட் போல. அவ்வளவு நுணுக்கமான சமிக்ஞையைப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வைத்தால் 'ம்ம்ம்' என்று ஹம் வரும். ஆகவே சின்ன வேலைக்கு ஒரு பெட்டி, பெரிய வேலைக்கு ஒரு பெட்டி. பட்டாசுத் தொழிலிலும் மருந்து கலக்கும் அறையும் திரி வைக்கும் அறையும் தள்ளித்தானே இருக்கும்.

இங்கிலாந்தில் ஹெரால்டு லீக் 1945-ல் 'பாயிண்ட் ஒன்' என்ற ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தார். பிசிறு 0.1 சதவீதம்தான் என்பதே அந்தப் பெயர். 1947 ஏப்ரல், மே 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழ்களில் டி.டி.என். வில்லியம்சன் தன் 15 வாட் வரைபடத்தை வெளியிட்டார். உலகம் முழுக்க ஆட்கள் அதைப் பார்த்து வீட்டிலேயே கட்டினார்கள். பிரிஆம்ப் வரைபடத்தை அவர் 1949-ல்தான் கொடுத்தார்.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது நெகட்டிவ் ஃபீட்பேக். பெல் ஆய்வகத்தின் ஹெரால்டு பிளாக் 1927-ல் வேலைக்குப் போகும் படகில், கையிலிருந்த செய்தித்தாளில் கிறுக்கிய யோசனை. டெலிபோன்காரர்களின் யோசனைதான், ஆனால் வீட்டு ஆடியோவில் அது டெலிபோனின் பழைய 'சமம்' விதியை உடைத்தது. ஃபீட்பேக் போட்ட ஆம்ப்ளிஃபையரின் வெளித்தடை மிகக் குறைந்துவிடுகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 8 ஓம் மூலம் தேவையில்லை. அரை ஓமோ அதற்கும் கீழோ போதும். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவிலும் அதே கதை. இங்கே நமக்குச் சக்தி வேண்டாம், வோல்ட் மட்டும் போதும். அதனால் கொடுக்கிறவரின் தடை குறைவாகவும், வாங்குகிறவரின் தடை குறைந்தது பத்து மடங்காவது அதிகமாகவும் இருக்க வேண்டும். 'மேட்சிங்' என்பதன் இரண்டாவது அர்த்தம் இதுதான். முதல் அர்த்தத்துக்கு நேர் எதிர். சமமாக இருக்கவே கூடாது!

ஒரே வீட்டுச் சம்பந்தம்

ஆரம்பத்தில் இது யாருக்கும் தலைவலியாக இல்லை. இரண்டு பெட்டியும் ஒரே வீட்டிலிருந்து வந்தன. பீட்டர் வாக்கரின் குவாட் கம்பெனி 1953-ல் குவாட் II பவர் ஆம்பைக் கொண்டுவந்தது. கூடவே க்யூ.சி. II என்ற கன்ட்ரோல் பெட்டி. பிரிஆம்புக்குத் தனி கரண்ட் ஒயர்கூடக் கிடையாது. பவர் ஆம்பிலிருந்தே தொப்புள்கொடி மாதிரி ஒரு கேபிள். குவாட் II முழு 15 வாட்டையும் கொடுக்க 1.4 வோல்ட் வேண்டும். க்யூ.சி. II கொடுப்பதும் அந்த 1.4 வோல்ட்தான். சொந்தத்துக்குள் பெண் எடுத்தது போல, ஜாதகம் பார்க்கும் வேலையே இல்லை.

1967-ல் அதே கம்பெனி டிரான்சிஸ்டருக்கு மாறி, 33 என்ற பிரிஆம்பையும் 303 என்ற பவர் ஆம்பையும் வெளியிட்டது. இந்த முறை இரண்டுக்கும் நடுவில் வைத்த அளவு அரை வோல்ட். ஆக, ஒரே கம்பெனியின் இரண்டு தலைமுறைப் பெட்டிகளை மாற்றி மாட்டினாலே கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். பழைய பிரிஆம்பும் புது பவர் ஆம்பும் என்றால் சத்தம் எகிறும். புது பிரிஆம்பும் பழைய பவர் ஆம்பும் என்றால் சத்தம் ஏறாது. பெயர்ப்பலகை ஒன்றாக இருப்பது பொருத்தம் ஆகாது. எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இந்தப் பிரச்சினை தாமதமாகவே வந்தது. இறக்குமதிக் கெடுபிடி காலத்தில் தனித்தனிப் பெட்டி வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். கல்கத்தாவில் 1970-ல் தொடங்கிய சோனோடைன், பம்பாயின் காஸ்மிக் போன்றவை இங்கே ஸ்டீரியோ ஆசையை வளர்த்தன. எங்கள் பக்கம் அந்த ஆசை முதலில் வந்து இறங்கிய இடம் வீடு இல்லை. டீக்கடையும் மைக் செட்டும். கேசட் பதியும் கடைகளில் நல்ல ஆம்ப் இருந்தால் அந்தக் கடைக்கே தனி மரியாதை.

பிரிஆம்பின் வேலை போன கதை

1982 அக்டோபரில் சோனி முதல் சி.டி. பிளேயரை ஜப்பானில் விற்பனைக்கு வைத்தது. அதன் வெளியீடு 2 வோல்ட். மற்றவர்களும் அந்த வழக்கத்துக்கு வந்தார்கள். தட்டு ஊசியின் 5 மில்லிவோல்ட்டோடு பார்த்தால் 400 மடங்கு! சரிசெய்ய வளைவு எதுவும் இல்லை, தூக்கிவிட வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு சாதாரணக் கணக்கு. 100 வாட், 8 ஓம் பவர் ஆம்ப் முழுதாகக் கொடுக்கும்போது வெளியே 28 வோல்ட் வரும். அதன் பெருக்கம் 28 மடங்கு என்றால் உள்ளே தேவை 1 வோல்ட். சி.டி. பிளேயர் கையில் 2 வோல்ட் இருக்கிறது. நடுவில் தேவைப்படுவது குறைக்கும் குமிழ் மட்டுமே. ஆனால் பிரிஆம்ப்கள் பழக்கத்தில் பத்து மடங்கு பெருக்கத்தோடு வந்துகொண்டே இருந்தன. 2 வோல்ட் பத்து மடங்கானால் 20 வோல்ட். 1 வோல்ட் கேட்கிறவருக்கு 20 வோல்ட் ஊற்றினால் குமிழை எட்டு மணிக்கு மேல் எப்படித் திருப்ப முடியும்? அதோடு, பெரும்பாலான பிரிஆம்பில் குமிழுக்குப் பிறகு வரும் வால்வின் இரைச்சலைக் குமிழால் குறைக்க முடியாது. அது அப்படியே பவர் ஆம்புக்குப் போய் 28 மடங்காகும். எனக்குக் கேட்ட 'ஸ்ஸ்ஸ்' அதுதான்.

அடி எங்கே போனது?

பெரியப்பாவின் கேள்விக்குத் திரும்புகிறேன். என் வால்வு பிரிஆம்பின் வெளித்தடை சுமார் 1,000 ஓம். வெளியே வரும் வழியில் 0.22 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். இதைக் கட்டிய காலத்தில் எதிரே இருந்த வால்வு ஆம்ப்களின் உள்தடை லட்சம் ஓம், அதற்கும் மேல். அப்போது இந்தக் கெப்பாசிட்டர் 7 ஹெர்ட்சுக்குக் கீழேதான் வெட்டும். யாருக்கும் தெரியாது.

என் புது பவர் ஆம்பின் உள்தடை 10,000 ஓம். பத்து மடங்கு விதிப்படி பார்த்தால் சரிதான்! நானும் அந்த விதியைப் படித்துவிட்டுத்தான் வாங்கியிருந்தேன். ஆனால் கெப்பாசிட்டரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வெட்டும் இடம் 66 ஹெர்ட்சுக்கு ஏறிவிடுகிறது. தவில், உறுமி, பேஸ் கிதார், எல்லாவற்றின் அடியும் அங்கே மெலிகிறது. காதால் கேட்டு எனக்குப் பிடிபடாததை, அவர் உள்ளங்கையால் பிடித்துவிட்டார்.

இதில் எனக்கு உறைத்தது ஒன்று உண்டு. அந்த மாதம் நான் இன்னும் விலை கூடிய பவர் ஆம்ப் வாங்க முன்பணம் கட்டும் நிலையில் இருந்தேன். பையனின் பள்ளிக் கட்டணத்தைவிட அதிகத் தொகை. பெட்டி எதிலும் குறை இல்லாதபோது, எந்தப் பெட்டியை மாற்றியும் என்ன பயன்?

பெரியப்பாவிடம் கணக்கைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாரா தெரியாது. "டேப்பைக் கொண்டுபோய் மைக் லைன்ல குடுக்கணும்னா நாங்க என்ன செய்வோம்? நடுவுல ஒரு ரெசிஸ்டன்ஸ் வைப்போம். அவ்வளவுதான்" என்றார்.

பவர் ஆம்ப் பக்கத்துப் பிளக்கிற்குள் ஆளுக்கொரு 22 கிலோ ஓம் ரெசிஸ்டர், சேனலுக்கு ஒன்று. இப்போது பிரிஆம்ப் பார்க்கும் சுமை 32,000 ஓம். வெட்டும் இடம் 66-லிருந்து 22 ஹெர்ட்சுக்கு இறங்கியது. பவர் ஆம்புக்குப் போகும் சமிக்ஞை மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கீழே. கூடவே இரைச்சலும் அதே அளவு இறங்கியது. குமிழ் பத்து மணி, பதினோரு மணி என்று தாராளமாகத் திரும்பியது. இரண்டு குறைக்கும் ஒரே மருந்து. செலவு, டீ செலவுக்கும் குறைவு.

கடைசிப் பெட்டி

ஆக, வாங்குகிறவர்களுக்கு என் குறிப்பு இவ்வளவுதான். நான்கு எண்களைக் கேளுங்கள்: பிரிஆம்பின் பெருக்கம், அதன் வெளித்தடை, பவர் ஆம்பின் உள்தடை, முழுச் சத்தத்துக்கு அது கேட்கும் வோல்ட். பிரிஆம்ப் வால்வு என்றால் ஐந்தாவதாக அந்தக் கெப்பாசிட்டர். விலையும் பெயரும் பிறகு.

ஆனால் இந்த வரிசையில் கடைசிப் பெட்டி காது. அதற்கு எந்தக் கடையிலும் மாற்று இல்லை. பெரியப்பா முப்பது வருசம் குழாய்க்கு அடியில் நின்றவர். பட்டாசுக்கு நம் நாட்டில் 1999-ல் வைத்த வரம்பு, 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. அவர் தொழில் செய்த காலத்தில் பெரும்பகுதி இவை எதுவும் இல்லை. திருவிழா என்றால் விடிய விடியப் பாட்டு. அந்த விதிகள் வந்தபோது பிழைப்பு போச்சே என்று வருத்தப்பட்டவர்களில் அவரும் ஒருவர். "இருபது வருசம் முந்தி வந்திருந்தா காது மிச்சம்" என்று இப்போது சொல்கிறார்.

ரெசிஸ்டர் வைத்த பிறகு அதே பாட்டை மறுபடி போட்டேன். அவர் உள்ளங்கையைப் பெட்டி மேல் வைத்தார். தலையை ஆட்டினார். "இப்ப இருக்கு" என்றார். வால்யூமைக் கூட்டட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்பா, உனக்குக் கேக்குதுல்ல, போதும்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.